ஹேண்டில் ஆடிய நாளும் ஸ்டெபிலைசர் தேடிய கதையும்

பாலம் ஏறும் இடத்தில் தாரும் கான்கிரீட்டும் சரியாகச் சேராமல் ஒரு தூக்கல் இருக்கும். அன்றைக்கு முன்சக்கரம் அதில் ஏறி இறங்கியதுதான் தெரியும். அடுத்த நொடி ஹேண்டில் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது.

இடம், வலம், இடம், வலம் என்று தானாகவே ஆடியது. லேசான நடுக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். சாமி வந்தவர்கள் தலையை ஆட்டுவார்களே, அந்த ஆட்டம். கீழே உப்பங்கழி, பக்கத்தில் கைப்பிடிச் சுவர், பின்சீட்டில் என் வீட்டுக்காரர்.

நான் பயப்படவில்லை. பயப்பட நேரம் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. ஆக்ஸிலேட்டரை மெல்ல விட்டேன். பிரேக் பக்கம் விரலைக் கொண்டுபோகவே இல்லை. முட்டியால் டேங்க்கைக் கவ்விக்கொண்டு உடம்பை முன்னால் சாய்த்தேன், கையைத் தளர்த்தினேன். ஆடுகிற ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் அது இன்னும் வெறி கொண்டு ஆடும். எங்கோ படித்தது, அன்றைக்குக் கை கொடுத்தது. பாலத்தின் பாதியில் ஆட்டம் குறைந்தது. பாலம் இறங்கும்போது ஒன்றுமே நடக்காதது மாதிரி வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது.

ஓரமாக நிறுத்தினேன். மாமல்லபுரத்தில் ஒரு கல்யாணச் சாப்பாடு முடித்துவிட்டுப் புதுப்பட்டினத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அவர் கையில் தாம்பூலப் பை இருந்தது. தேங்காய் மட்டும் மிச்சம், வெற்றிலையும் பாக்கும் பாலத்திலேயே பறந்துவிட்டன. கருவாடு காயும் வாசனை காற்றில் வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றியதும் காதோர வியர்வை சில்லென்று குளிர்ந்தது.

அவர் இறங்கினார். முன்சக்கரத்தைப் பார்த்தார். பின்சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"நான் பஸ்ல வரேன். நீ மெதுவா வூட்டுக்குப் போ" என்றார்.

"இன்னாய்யா, அதான் நின்னுபோச்சே. ஏறு."

"சொல்றேன்ல. நீ போ."

பஸ் வந்தது. கையைக் காட்டினார், ஏறிவிட்டார். நடு ரோட்டில் பைக்கும் நானும் நின்றுகொண்டிருந்தோம். அப்புறம் அந்த பஸ்ஸின் பின்னாலேயே மெதுவாக வீட்டுக்கு ஓட்டினேன்.

பின்சீட்டுக்காரர்

இந்தப் பக்கத்துக்கு இன்றைக்குத்தான் முதல் முறையாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் வசந்தி. செங்கல்பட்டில் வண்டி இன்சூரன்ஸ் போடுகிற அலுவலகம் ஒன்றில் வேலை. விபத்து நடந்த வண்டிகளின் காகிதங்களைப் பார்ப்பது என் பிரிவு. புதுப்பட்டினத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகத் தினமும் பைக்கில் போய் வருகிறேன். ஸ்கூட்டர் இல்லை. கியர் மாற்றி ஓட்டுகிற, அகலமான ஹேண்டில் வைத்த, கனமான பைக். நாற்பது தாண்டிய பிறகு வாங்கினேன். அதற்காக யார் யாரிடம் என்னென்ன பேச்சு வாங்கினேன் என்பதைப் போன வாரம் எழுதிவிட்டதால், சொந்தக்காரர்களை இந்த வாரம் நிம்மதியாக விட்டுவிடுகிறேன்.

வீட்டுக்காரர் பெயர் மோகன். சொந்த வேன் வைத்து ஓட்டுகிறார். கல்பாக்கம் பக்கம் வேலைக்குப் போகிறவர்களைக் காலையில் ஏற்றிப் போய், மாலையில் இறக்கிவிடுவது அவர் தொழில். நேரில் நான் அவரை வாய்யா, போய்யா என்றுதான் கூப்பிடுவேன். அச்சில் வரும்போது மட்டும் 'அவர்'. என் மாமியார் வாராவாரம் இதைப் படிக்கிறார், அதுதான் காரணம்.

வீட்டில் அவர் வாயைத் திறக்க மாட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, காதுக்குப் பக்கத்தில் பேசிக்கொண்டே வருவார். எந்த வீட்டில் யாருக்குச் சண்டை, மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது, அடுத்த வேன் என்ன நிறம் என்று எல்லாமே அந்தப் பின்சீட்டில்தான் பேசி முடிப்போம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் அதிகம் பேசியது அந்த வண்டியில்தான் என்று தைரியமாகச் சொல்வேன்.

ஊரில் கிண்டல் இல்லாமல் இருக்குமா? புதுப்பட்டினம் மார்க்கெட் டீக்கடையில் ஒருத்தர் கேட்டே விட்டார். "இன்னா மோகன் அண்ணாத்த, அண்ணி ஓட்டறாங்க, நீ பின்னால குந்திகினு போற?"

"வாரம் பூரா நான்தான ஓட்டறேன். ஒரு நாளு குந்திகினு போனா இன்னா கொறஞ்சிடும்? உன்ன உன் பொண்டாட்டி ஏத்திகினு போனா நீயும் போயேன்" என்றார் இவர்.

அப்படிப்பட்ட மனிதர் என்னை நடு ரோட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறினால் எனக்கு எப்படி இருக்கும்? வண்டி ஆடியது பெரிதாகத் தெரியவில்லை. நான் ஓட்டுவதை அவர் நம்பவில்லை என்று நினைத்தேன், அது சுருக்கென்று தைத்தது.

அன்றைக்கு சாயங்காலம் சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார்.

"அந்த வண்டிய வித்துடு வசந்தி."

"எதுக்கு?"

"இன்னொரு வாட்டி ஆடிச்சின்னா இன்னா பண்ணுவ?"

"ஆடாது. ஆடாம பண்ணிக் காட்டறேன்."

"பண்ணு. அப்பவும் ஆடிச்சின்னா விக்கணும். சரின்னு சொல்லு."

சொன்னேன். என் வாய் அப்படி. ஒரு 'சரி'யில் வண்டியைப் பணயம் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பின்னால் ஏறவே இல்லை. எங்கே போவதானாலும் வேன், இல்லாவிட்டால் பஸ்.

உப்புக்கு எதிராக ஒரு மனிதர்

கொஞ்சம் வேறு பக்கம் போய்விட்டு வருகிறேன். இதைச் சொல்லாமல் மீதிக் கதை புரியாது.

என் வீட்டுக்காரர் சதுரங்கப்பட்டினத்தில் கடலை ஒட்டிய தெருவில் பிறந்தவர். டச்சுக்காரன் கோட்டைச் சுவர் இன்னும் நிற்கிறது, எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி நிற்கவில்லை என்பார். கதவுக் கீல், பீரோவின் கால், சைக்கிள் ரிம், ஃபேன் ஸ்விட்சுக்குள் இருக்கிற செம்புக் கம்பி என்று ஒன்றையும் உப்புக் காற்று விடாது. நான் திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே வயல் பக்கத்துப் பெண். எங்களுக்கு இரும்பு என்றால் மழையில் நனைந்தால் துரு, துடைத்தால் தீர்ந்தது. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த புதிதில் என் தையல் மிஷின் ஒரே மழைக்காலத்தில் இறுகிப் போனது. அன்றைக்குத்தான் அவர் படும் பாடு எனக்குப் புரிந்தது.

உப்பை ஜெயிக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி தண்ணீர். இந்தக் கரையில் எல்லோருக்கும் அதுதான் வழி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்பாக்கம் ரோட்டில் வாட்டர் வாஷ் கடைகளைப் பாருங்கள், கோயில் வாசல் மாதிரிக் கூட்டம் நிற்கும். என் வீட்டுக்காரர் வேனைக் கழுவுவார், கூடவே என் பைக்கையும். கடைக்காரர் அவர் சிநேகிதர் என்பதால் துப்பாக்கி மாதிரி இருக்கிற அந்தக் குழாயைத் தானே வாங்கிக்கொள்வார். செயின், ஸ்போக், சைலன்சர் என்று வரிசையாக அடித்துவிட்டு, கடைசியில் ஹேண்டிலுக்குக் கீழே வண்டியின் கழுத்துக்கு வருவார். அங்கே நிறைய நேரம் நிற்பார்.

"உப்பு மூலையிலதான் ஒளிஞ்சிகினு இருக்கும். வெளிய தெரியறத யாரு வேணும்னாலும் கழுவுவாங்க" என்பார்.

வாராவாரம் தவறாது. என் வண்டியைப் பார்த்துவிட்டு அலுவலகத்தில், கடற்கரை ஊர் வண்டி மாதிரியே இல்லையே என்பார்கள். எனக்குப் பெருமை பிடிபடாது.

கண்ணாடிக் கதவு

வண்டி ஆடிய கதையைச் சொன்னதும் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் டயரில் காற்றைக் குறை என்றார். இன்னொருவர் ஏற்று என்றார். பக்கத்து மேஜைக்காரர் ஹேண்டிலில் எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார். கட்டினால் பழமும் சேர்ந்து ஆடும், அவ்வளவுதான். கடைசியில் பைக் வீடியோக்களில் ஒரு பெயர் அகப்பட்டது. ஸ்டீயரிங் ஸ்டெபிலைசர். கடைக்காரர்கள் டேம்பர் என்பார்கள்.

அது என்ன என்று மகளுக்கு விளக்க எங்கள் அலுவலகக் கதவைக் காட்டினேன். ஏசி அறைகளின் கண்ணாடிக் கதவுக்கு மேலே ஒரு கை இருக்கும், உள்ளே எண்ணெய். மெதுவாகத் தள்ளினால் கதவு சுகமாகத் திறக்கும். கோபத்தில் படாரென்று சாத்தப் பார்த்தால் அந்தக் கை விடாது, நிதானமாகத்தான் மூடும். ஸ்டெபிலைசர் ஹேண்டிலுக்கு அதைத்தான் செய்கிறது. நான் திருப்பினால் விட்டுக்கொடுக்கும். ஹேண்டில் தானாக வெறி பிடித்து ஆடினால் மட்டும் தடுக்கும்.

இரண்டு வகை கிடைக்கிறது. ஒன்று, சைக்கிள் பம்ப்பைச் சின்னதாக்கியது போலத் தண்டு. ஒரு முனை வண்டியின் உடம்பில், மறு முனை முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில். இன்னொன்று ஹேண்டிலுக்கு நடுவில் உட்கார்கிற உருண்டையான டப்பி. இரண்டிலும் ஒரு திருகு உண்டு. திருகினால் தடுக்கும் பலம் கூடும், குறையும்.

வீடியோப் பையன்கள் நிறத்தைப் பற்றியே பேசினார்கள். நான் விபத்துக் காகிதம் பார்க்கிறவள், எனக்கு வேறு கவலை. அதைப் பிடித்து நிற்கிற கிளாம்ப் கழன்றால் என்ன ஆகும்? ஹேண்டிலை முழுக்க ஒடித்தால், டிரைவர்கள் பாஷையில் ஃபுல் கட் அடித்தால், எங்கேயாவது இடிக்குமா? ஃபுல் கட் இல்லாமல் திருக்கழுக்குன்றம் தேரடித் தெருவில் கூட்ட நாளில் வண்டி திருப்ப முடியாது. வேகத்தில் காப்பாற்றிவிட்டு, மாட்டுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் என்னைக் கீழே தள்ளுகிற சாமான் எனக்கு வேண்டாம். எண்ணெய் கசிந்தால் சீல் மாற்ற முடிய வேண்டும். அழகு இதற்கெல்லாம் அப்புறம்.

டேனியல் கடையில்

டேனியல் என் கூடக் காலேஜில் படித்தவன். செங்கல்பட்டில் ஏரிப் பக்கம் பைக் சாமான் கடை, பின்னால் சின்ன ஒர்க் ஷாப். அன்றைக்கும் சத்தமாகப் பேசுவான், இன்றைக்கும் சத்தமாகப் பேசுவான். நடுவில் தொப்பை மட்டும் வந்திருக்கிறது.

ஒரு சனிக்கிழமை காலை வண்டியை அவன் கடைக்குள் ஏற்றினேன். புது ரப்பர் வாசனையும் ஊதுவத்தி வாசனையும் கலந்து அடித்தது. கண்ணாடிப் பெட்டியிலிருந்து தங்க நிறத்தில் ஒன்றை எடுத்து, நகைக்கடைக்காரர் மாதிரி துணி விரித்து வைத்தான்.

"பாரு வசந்தி, எப்பிடி கீது? ரேஸ் வண்டிக்குப் போட்றது."

"நான் ரேஸுக்காடா போறேன்? ஆபீசுக்குப் போறேன்."

"ஆபீசுக்கு லேட்டா கெளம்பறவங்களுக்கும் இதான்."

"எந்த வண்டிக்கான கிளாம்ப் இது?"

"எல்லா வண்டிக்கும் செட்டாவும்."

எல்லா வண்டிக்கும் ஆகும் என்றால் எந்த வண்டிக்கும் ஆகாது என்று அர்த்தம். வைத்துக் காட்டச் சொன்னேன். வைத்தான். ஹேண்டிலை இடது பக்கம் முழுக்கத் திருப்பினேன். பாதியிலேயே தண்டு டேங்க்கில் முட்டி நின்றது.

"இன்னும் கொஞ்சம் தேய்ச்சி சரி பண்ணிக்கலாம்."

"டேங்க்கத் தேய்ப்பியா, டேம்பரத் தேய்ப்பியா? உள்ள வை."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேறொன்றை எடுத்தான். கறுப்புத் தண்டு, பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் என் வண்டிக்கென்றே செய்த பிடி, வண்டியின் உடம்பிலேயே இருக்கிற போல்ட்டில் மாட்டுவது. எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"இதப் போட்டதுக்கும் போடாததுக்கும் வித்தியாசம் காட்டறேன் பாரு" என்று டேனியல் வண்டியின் முன்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தினான். முன்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கியது. "இப்ப சும்மா திருப்பு. அப்பறமா டேம்பர மாட்டிட்டுத் திருப்பு."

சும்மா திருப்பினேன். இடது கோடியிலிருந்து மெதுவாக நடுவுக்குக் கொண்டுவந்தபோது, ஹேண்டில் நேராக நிற்கும் இடத்தில் எதிலோ போய் உட்கார்ந்தது. ஆட்டுக்கல் குழியில் குழவி உட்காருமே, அப்படி. அதை விட்டு வெளியே எடுக்கக் கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது. இன்னொரு தரம் செய்தேன். மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தது.

"டேனியல், நடுவுல ஒரு பள்ளம் கீது."

"அது பழைய வண்டிங்கள்ல இருக்கறதுதான்."

"இருக்கக் கூடாது."

"அய்ய, டேம்பர் போட்டா அது உனக்குத் தெரியவே தெரியாது வசந்தி."

"தெரியக் கூடாதுன்னா கேட்டேன்? ஆடக் கூடாதுன்னு கேட்டேன்."

இந்த இடத்தில் என்னை நானே மெச்சிக்கொள்கிறேன். மூடி மறைத்து மேலே அழகாக ஒட்டிய வேலையெல்லாம் என்றைக்காவது ஒரு நாள் என் மேஜைக்குக் காகிதமாக வந்து சேர்கிறது. அந்த அனுபவம் சும்மா போகுமா? ஃபோர்க்கின் அடியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தேன். கழுத்துக்குள்ளே 'டொக், டொக்' என்றது. டேனியல் காதை வைத்துக் கேட்டான். அவன் சிரிப்பு போய்விட்டது.

"கோன் செட் போயிடிச்சி. கழட்டிடலாம்" என்றான்.

கோன் செட் என்பது ஹேண்டில் சுழல்கிற கழுத்துக்குள் இருக்கிற குண்டுகளும் அவை ஓடுகிற வளையங்களும். டேனியல் கழற்ற ஆரம்பித்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். வேனுக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்கும் வேலையாகச் செங்கல்பட்டு வந்தவர், நான் என்ன வாங்குகிறேன் பார்ப்போம் என்று எட்டிப் பார்த்திருக்கிறார். வாசல் பக்கம் நின்றார்.

மேல் நட்டு கழன்றது. கழுத்து வெளியே வந்தது. அதோடு கொஞ்சம் தண்ணீரும் வந்தது, டிகாக்‌ஷன் நிறத்தில். கிரீஸ் பேருக்குக்கூட இல்லை. குண்டுகள் செங்கல் நிறத்துக்குத் துருப்பிடித்திருந்தன. வளையத்தில், வண்டி நேராகப் போகும்போது குண்டுகள் நிற்கிற இடத்தில், வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளம்.

டேனியல் தலையில் கை வைத்தான். "எந்தப் புண்ணியவான் இதுக்குள்ள தண்ணி வுட்டது? மழைத் தண்ணி இவ்ளோ தூரம் போவாது. யாரோ துப்பாக்கியப் புட்சி கழுத்துலயே அட்ச்சிகினு இருந்துகிறாங்க."

"நான்தான்" என்றார் என் வீட்டுக்காரர்.

அப்புறம் நடந்தது

டேனியல்தான் சமாளித்தான்.

"இல்ல மச்சான், கடக்கர பக்கத்து வண்டிங்க எல்லாமே இப்பிடித்தான் வருது. உப்ப எடுக்கறேன்னு கிரீஸையும் சேத்து எட்த்துட்றாங்க. கழுத்துல இருக்கற ரப்பர் மழையத் தாங்கும், அந்தப் பேய்த் தண்ணியத் தாங்காது."

எனக்குக் கோபம் வந்தது. பொங்கிக்கொண்டு வந்தது. வாராவாரம் வண்டியைக் கெடுத்தவரும் இவர், அதை விற்கச் சொன்னவரும் இவர். ஊர் சிரிக்கிற மாதிரி நாலு வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தத் துருப்பிடித்த குண்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். உப்பு தின்ற எத்தனையோ சாமான்களைப் பார்த்த மனிதர், தான் தின்னக் கொடுத்ததை அன்றைக்குத்தான் பார்க்கிறார். என் நாலு வார்த்தையில் மூன்றை விழுங்கிவிட்டேன்.

"உப்ப நல்லா ஒழிச்சய்யா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "புதுசு போட்டா சரியாப் பூடுமா?" என்று டேனியலைக் கேட்டார்.

"பூடும் மச்சான். இனிமே அங்க மட்டும் துணி போட்டுத் தொட."

தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு வண்டியை விற்கச் சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. குழாயைத் தொடவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பழைய பனியனையும் ஒரு பக்கெட் நல்ல தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, குழந்தைக்குக் கழுத்து துடைப்பது போல உட்கார்ந்து துடைத்தார்.

யாருக்காக வாங்கினேன்

குண்டுகளுக்குப் பதில் உருளைகள் வைத்த நல்ல கோன் செட்டாகப் போட்டோம். தேய்ந்திருந்த முன் டயரையும் மாற்றினேன். மறுநாள் தனியாக அந்தப் பாலத்துக்குப் போனேன். அதே தூக்கல், அதே வேகம். முன்சக்கரம் ஏறி இறங்கியது, ஹேண்டில் அசையவில்லை. திரும்பி வந்து மறுபடியும் போனேன். ஆட்டம் செத்துப்போயிருந்தது. ஹெல்மெட்டுக்குள்ளேயே சத்தமாகச் சிரித்தேன்.

டேனியலிடம் போய், அந்தக் கறுப்பு ஸ்டெபிலைசரை மாட்டு என்றேன். அவனுக்கே ஆச்சரியம்.

"இப்ப எதுக்கு உனக்கு? வண்டிதான் ஆடலயே. வியாபாரம் எனக்கு நல்லதுதான், ஆனா உனக்குத் தேவை இல்ல."

"தனியாப் போறதுக்குத் தேவை இல்லதான்" என்றேன்.

கணக்கு எளிது. பின்னால் ஆள் உட்கார்ந்தால் முன்சக்கரத்தின் மேல் பாரம் குறையும். அகலமான ஹேண்டில், பக்கவாட்டில் கடல் காற்று, பாலத்துத் தூக்கல், லேசான முன்சக்கரம் எல்லாம் ஒன்று சேர்ந்தால் நல்ல வண்டியும் என்றைக்காவது தலையை உதறும். அதற்குத்தான் ஸ்டெபிலைசர். வண்டியில் குறை இருந்தால் முதலில் குறையைத் தீர்க்க வேண்டும். குறையெல்லாம் தீர்ந்த பிறகும் வரக்கூடிய ஆபத்துக்குத்தான் இந்தத் தண்டு. வாங்க நினைக்கிறவர்கள் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

மாட்டினான். ஹேண்டில் இரண்டு பக்கமும் ஃபுல் கட் போனது, எங்கேயும் இடிக்கவில்லை. அடுத்தது, திருகை எவ்வளவில் வைப்பது?

"நடுவுல வெச்சிக்கோ" என்றான்.

"அப்பிடியெல்லாம் குத்துமதிப்பா வேணாம். நீ பின்னால ஏறு."

"நானா?"

"என் வூட்டுக்காரர் தொப்பையும் உன் தொப்பையும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஏறு."

ஏரி ஓரத்து ரோட்டில், குண்டும் குழியும் இருக்கிற இடமாகப் பார்த்து, டேனியலைப் பின்னால் வைத்துக்கொண்டு போனேன். கல்யாண வீட்டு மைக் மாதிரிப் பேசுகிறவன் அன்றைக்கு இயேசுவை மட்டும்தான் கூப்பிட்டான். திருகை ஒவ்வொரு கிளிக்காகக் கூட்டிக்கொண்டே போனேன். மெதுவாகத் திரும்பும்போது ஹேண்டில் கனத்தது. ஒன்று குறைத்தேன். கனமும் இல்லை, உதறலும் இல்லை. அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். இறங்கியதும் டேனியல் ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான்.

ஸ்டெபிலைசர் போட்டாயிற்று. பின்சீட் மட்டும் காலியாகவே இருந்தது. ஞாயிறு வரும், பக்கெட் வரும், துடைப்பார். எங்காவது கிளம்பினால் வேன். வாய்யா போகலாம் என்றால் தலைவலி, தூக்கம், வெயில். நான் கேட்பதையே நிறுத்திவிட்டேன். என்னைக் கெஞ்ச வைக்கிறாரே என்று மனசுக்குள் எரிந்துகொண்டிருந்தது.

வாசலில் ஒரு சண்டை

அப்புறம் என் தம்பி கட்டிய புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வந்தது. திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே, பஸ் எப்போதாவது வரும் கிராமம். வேன் ஒர்க் ஷாப்பில் நின்றது. விடிந்தும் விடியாமலும் பட்டுப் புடவையைச் செருகிக்கொண்டு வண்டியை வெளியே தள்ளினேன்.

"நீ முன்ன போ. நான் பஸ்ஸப் புட்சி வந்துகினே கீறேன்" என்றார் அவர்.

அவ்வளவுதான். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"யோவ், நான் ஓட்டறது மேல உனுக்கு நம்பிக்கை இல்ல. அத வாயத் தொறந்து சொல்லிடு. பஸ்ஸு, தலவலின்னு கத வுடாத."

"நம்பிக்கை இல்லன்னு யாரு சொன்னது?"

"அன்னிக்கு என்ன நடு ரோட்ல வுட்டுட்டு பஸ் ஏறினியே, அதுக்கு இன்னா பேரு?"

அவர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வேன்ல பின்னால லோடு ஏறிச்சின்னா முன்னால லேசாயிடும், ஸ்டீரிங் நிக்காது. இத்தினி வருசமா ஓட்டறேன், எனுக்கு அது தெரியாதா? அன்னிக்கு வண்டி ஆடினப்போ, நான் பின்னால குந்திகினு கீறதாலதான் ஆடுதுன்னு தோணிச்சி. நான் எறங்கிட்டா நீ பத்திரமா வூடு போய்ச் சேந்துடுவ. அதான் எறங்கினேன்."

நான் வண்டியை ஸ்டாண்டில் போட்டேன்.

"பஸ்ல கம்பியப் புட்சிகினு, ஜன்னல்ல குனிஞ்சி குனிஞ்சி உன் வண்டியவே பாத்துகினு வந்தேன். நீ நம்ம தெருவுல திரும்பினப்பறம்தான் எனுக்கு மூச்சே வந்திச்சி."

"அதான் கோன் செட்ட மாத்தியாச்சேய்யா."

"அது கழுவினதால வந்த கெடுதி. மாத்திட்ட. என் எடையும் ஒரு கெடுதிதான? அத எங்க போயி மாத்தறது?"

இத்தனை வாரமாக நான் எரிந்துகொண்டிருந்தது எதற்காக என்று நினைத்தபோது வெட்கமாகக்கூட இருந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு, அவர் கையைப் பிடித்து இழுத்துப் போய் அந்தக் கறுப்புத் தண்டின் மேல் வைத்தேன்.

"இது இன்னான்னு தெரியுமா?"

"ஸ்டெபிலைசரு."

"நான் தனியாப் போறதுக்கு இது வேணாம்னு டேனியலே சொன்னான். கேக்காம வாங்கினேன். அவன பின்னால குந்த வெச்சி, ஏரிக்கர பூரா கத்த வுட்டு, உன் எடைக்குத் திருகி வெச்சிகினு கீறேன். இது வண்டிக்கு வாங்கினது இல்லய்யா. உனுக்கு வாங்கினது."

அவர் தண்டைத் தடவிப் பார்த்தார். திருகைப் பார்த்தார். வீட்டுக்குள் போனார். வரும்போது தலையில் ஹெல்மெட் இருந்தது.

"டேனியலு என்ன விட குண்டு" என்றார்.

"அப்ப இன்னும் நல்லதுதான். ஏறு."

ஏறினார். வண்டியின் பின்பக்கம் அமுங்கியது. முன்சக்கரம் லேசாவது என் கைக்குத் தெரிந்தது. கியரைப் போட்டேன்.